சீட்டை விட்டு இறங்கி வந்த டாக்டரம்மா

கிரேன்காரருக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்வான், அப்புறம் சட்டையைக் கழற்றச் சொல்வான், கடைசியில் வயிற்றுக்குள் இருக்கிறதையும் கழற்றி வைத்துக்கொண்டு போய்வா என்பான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். பேச்சு முரடுதான். ஆனால் அப்படிப் பேச அவரிடம் காரணம் இருந்தது. அவர் சம்சாரத்தின் வயிற்றில் ஒரு கிட்னிதான் இருந்தது. இன்னொன்று அவள் தம்பி வயிற்றில் இருந்தது. தம்பிக்கு இரண்டும் கெட்டுப்போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு கிடந்த காலத்தில், அவள்தான் முன்னால் நின்று கொடுத்தாள். கிரேன்காரர் தடுத்துப் பார்த்தார்.

"உன் பொருள், நீ கொடு. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா எவன் தருவான்?"

"அதான் நீங்க இருக்கீங்களே" என்று சிரித்தாள் அவள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவளுக்கு அவர், அவருக்கு அவள், இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தத் தம்பி. அவ்வளவுதான் குடும்பம்.

அவர் சொன்ன அந்த 'நாளைக்கு' வந்தேவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற ஸ்கேனில், மிச்சமிருந்த கிட்னியில் கட்டி இருக்கிறது என்றார்கள். ஓரத்தில் இருந்தாலாவது கிள்ளி எறிந்துவிட்டுப் போகலாம். இது நட்டநடுவில், ரத்தக் குழாய் உள்ளே நுழைகிற வேர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது.

"வந்த திருடன் வாசல்ல நிக்காம நேரா பீரோகிட்ட போயிட்டான்" என்றார் கிரேன்காரர்.

பெரிய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். கிழவராக இருப்பார் என்று போனால், அவர் எதிரில் உட்கார்ந்தது ஒரு பெண். மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால் அவள் வயசு இருக்கும். கண்ணாடி போட்ட, தூக்கம் போதாத முகம். கம்ப்யூட்டரில் கிட்னியைக் கலர் கலராகச் சுற்றிக் காட்டினாள். சிவப்பு ஒரு குழாய், நீலம் ஒரு குழாய், இரண்டுக்கும் நடுவில் மஞ்சளாக அந்தச் சனியன்.

"வயித்தைக் கிழிக்க மாட்டோம். சின்னச் சின்ன ஓட்டை போட்டு, அது வழியா ரோபோவோட கையை உள்ள விடுவோம். ரத்தக் குழாயைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கட்டியை மட்டும் செதுக்கி எடுத்து, தையல் போட்டு, பிடியை விட்டுடுவோம். மிச்சக் கிட்னி வேலை செய்யும்."

"மிஷின் அதுவா வெட்டுமா?" என்று கேட்டார் கிரேன்காரர். கேட்ட தினுசு, போலீஸ்காரன் கேட்கிற தினுசு.

"இல்லைங்க ஐயா. நான் மூலையில ஒரு சீட்ல உட்கார்ந்து கண்ணாடி வழியா பார்ப்பேன். என் விரல் அசைஞ்சாத்தான் அது அசையும்."

"கையில கனம் தெரியுமா?"

டாக்டரம்மா கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். "தெரியாது. நூல் இறுகுதா, சதை பிதுங்குதான்னு கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

கிரேன்காரர் நாற்காலியில் சாய்ந்தார். வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த வேலையும் அதுதான். கட்டடம் கட்டுகிற இடத்தில் உயரக் கிரேனின் உச்சியில், ஆள் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற கேபினில் உட்கார்ந்துகொண்டு, லீவரை நகர்த்தி, கீழே எறும்பு மாதிரி நிற்கிறவன் தலைக்கு மேல் இரும்பை இறக்கியவர். கம்பி விறைப்பதைப் பார்த்தே கனம் சொல்லுவார். 'கண்ணால் பார்த்துக் கனம் தெரிஞ்சுக்கிறேன்' என்று ஒரு டாக்டர் சொல்லி அவர் கேட்டதில்லை.

"சரி, இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியும்" என்றார் சம்சாரத்திடம், டாக்டரம்மா எதிரிலேயே.

"அப்பாடா, பாஸ் பண்ணிட்டீங்க டாக்டரம்மா" என்றாள் அவள். "இவருகிட்ட இதுவரைக்கும் ஒரு டாக்டரும் தேறினதில்ல. என் பல்லைப் பிடுங்கினவரையே எலெக்ட்ரீஷியன்னு சொன்னவரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த அறையில் சிரித்தது அதோடு சரி.

"உள்ள போய்ப் பார்த்தாத்தான் முழுசாத் தெரியும்" என்றாள் டாக்டரம்மா. "கட்டி ரத்தக் குழாய்க்குள்ளயே புகுந்திருந்தா, கிட்னியைக் காப்பாத்த முடியாம போகலாம். முழுசா எடுக்கணும். எடுத்தா அப்புறம் டயாலிசிஸ்தான். வாழ்நாளுக்கும். அந்த நிலைமை வந்தா என்ன செய்யணும்னு இப்பவே சொல்லிடுங்க."

அவளுக்கு டயாலிசிஸ் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பி கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருஷம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது உப்பி, வரும்போது வற்றி, குடிக்கிற தண்ணீரை அளந்து குடித்து, நாக்கு வறண்டு ஐஸ்கட்டியைச் சப்பிக்கொண்டு கிடந்த தம்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் கிட்னியைக் கொடுத்தாள். அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு, "அப்படி வந்தா அவரைக் கேளுங்க. என் மனசு அவருக்குத் தெரியும்" என்றாள்.

"வீட்டுல பேசி முடிவு பண்ணிக்குங்க" என்றாள் டாக்டரம்மா.

வீட்டில் பேசினார்கள். பேசினது அவள்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "முழுசா எடுக்கணும்னு சொன்னா, வேணாம்னு சொல்லிடுங்க. மூடிடச் சொல்லுங்க. கட்டி விடுற வரைக்கும் இருந்துட்டுப் போறேன். அந்த டயாலிசிஸ் நாற்காலியில மட்டும் என்னை உக்கார வைக்காதீங்க."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். பத்திரமா எழுதித் தரணும்?"

"தம்பி, நீயும் கேட்டுக்கோ" என்றாள், சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்து. அவன் தலையைத் தூக்கவில்லை. அவனுக்கு அந்தப் பேச்சில் உட்காரவே தகுதி இல்லாத மாதிரி ஒரு கூச்சம். தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவன். கிட்னி வாங்கிய பிறகு உடம்பு தேறி, கழுத்தெல்லாம் சதை போட்டிருந்தான். அக்காவுக்குக் கட்டி என்று கேட்ட நாளிலிருந்து அந்தச் சதையைப் பார்த்தே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடுகிறபோது, "காபி குடிங்க, வெறும் வயித்துல உக்காந்து யாரையாவது திட்டிக்கிட்டு இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காத்திருக்கிற கூடத்தில் நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்து இரும்புப் பட்டையில் முடுக்கியிருந்தார்கள். ஒருவர் காலை ஆட்டினால் வரிசையே ஆடியது. சத்தமில்லாத டி.வி.யில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். மச்சினன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"டேய், காலை நிறுத்துறியா? நடுக்கடல்ல இருக்கிற மாதிரி இருக்கு."

"மாமா, இதைத் திருப்பி எடுத்து அக்காவுக்கு வைக்க முடியாதான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன்."

"எதை?"

அவன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

"கடன் வாங்கின குடையாடா அது? மழை விட்டதும் திருப்பிக் கொடுக்க?"

"அவங்களும் முடியாதுன்னுதான் சொன்னாங்க" என்றான். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான், தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

டி.வி.யில் சமையல் முடிந்து இன்னொரு சமையல் ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் உள்கதவு திறந்தது. டாக்டரம்மா வந்தாள்.

கிரேன்காரர் முதலில் பார்த்தது அவள் கையை. கையுறை இல்லை. ரத்தம் இல்லை. உலர்ந்த, சுத்தமான கை. காலில் ரப்பர் செருப்பு. தலையில் தொப்பி, நெற்றியில் கண்ணாடிப்பெட்டி அழுத்திய தடம். வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள் மாதிரி நின்றாள்.

"முடிஞ்சிடுச்சா?" என்றான் மச்சினன்.

"இல்ல. நடந்துக்கிட்டு இருக்கு."

நடந்துகொண்டிருக்கிறதா? கிரேன்காரருக்குத் தலைக்குள் ரத்தம் ஏறியது. ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்தது வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கிரேன் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லோடு கொக்கியில் தொங்கும்போது ஆப்பரேட்டர் சீட்டை விட்டு எழக்கூடாது. பசி, தாகம், வீட்டில் சாவு, எதுவானாலும் சரி. மூத்திரம் முட்டினால் பாட்டில்தான். டீக்குடிக்க இறங்கிப் போன ஒரு ஆப்பரேட்டரால், பிரேக் நழுவி, கீழே நின்ற ஆள் தட்டையானதைக் கிரேன்காரர் தன் கேபினிலிருந்து பார்த்திருக்கிறார். சீட்டில் ஆள் இல்லாத கிரேனைப் பார்த்தால் இன்றைக்கும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவார்.

இப்போது உள்ளே அவர் சம்சாரம் வயிற்றில் இரும்புக் கைகள் சொருகியபடி கிடக்கிறாள். ஓட்டுகிறவள் ரப்பர் செருப்போடு அவர் முன்னால் நிற்கிறாள்.

"ஏம்மா! அவளை அப்படியே தொங்க விட்டுட்டா வந்தே?"

"ஐயா, பதறாதீங்க. உள்ள வேற டாக்டர்..."

"சீட்ல யாரும்மா இருக்கா?"

"சீட்ல யாரும் இல்ல, ஆனா..."

அவருக்கு அது போதும். அதற்கு மேல் அவள் சொன்னதெல்லாம் காதில் பாதிதான் விழுந்தது. கட்டி பெரிய ரத்தக் குழாய்க்குள் வாலை நீட்டியிருக்கிறது. செதுக்கி எடுக்க வழியில்லை. இரண்டே வழிதான்: முழுக் கிட்னியையும் எடுப்பது, அல்லது எதையும் தொடாமல் மூடுவது. எடுத்தால் கட்டி போகும், டயாலிசிஸ் வரும். மூடினால் கட்டியோடு சில காலம். "இன்னும் எதையும் வெட்டல, ரத்தக் குழாயையும் பிடிக்கல. அவசரம் இல்ல. உக்காந்து யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க" என்றாள்.

"எடுத்துடு. போ. போய் சீட்ல உக்காரு."

"ஐயா, அவங்க இங்க நின்னா என்ன சொல்லுவாங்க? அதான் எனக்கு வேணும்."

"அதேதான் சொல்லுவா. போம்மா முதல்ல!"

மச்சினன் வாயைத் திறந்தான். கிரேன்காரர் அவனைப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மறுபடியும் கேட்டாள். அவர் கதவைக் கையால் காட்டினார். அவள் உள்ளே போனாள்.

கதவு மூடிய பிறகு கொஞ்ச நேரம் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டது என்கிற நிம்மதி. அது போன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது மெதுவாக உறைத்தது. எழுந்து கதவுவரை போனார். 'ஊழியர் மட்டும்' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். தட்டக் கையைத் தூக்கினார். தட்டவில்லை.

உண்மையாகவே பதற்றத்தில்தான் சொன்னாரா? பதற்றம் இல்லாமல், காபியைக் குடித்துக்கொண்டு, சாவகாசமாக யோசித்திருந்தாலும் வேறு என்ன சொல்லியிருப்பார்? கட்டிலில் பாதி காலியாகக் கிடப்பதை நினைத்துப் பார்த்து, மூடிவிடுங்கள் என்று சொல்ல அவர் வாய் வந்திருக்குமா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. விடை அவருக்கே தெரியவில்லை என்றுதான் நான் சொல்லுவேன்.

"மாமா, அக்கா சொன்னது..." என்றான் மச்சினன்.

"தெரியும்டா."

மறுநாள் அவளைப் பார்க்க விட்டார்கள். கழுத்தில் குழாய், மூக்கில் குழாய், அடியில் தொங்கின மூத்திரப் பை காலியாக இருந்தது. அவள் முதலில் பார்த்தது அந்தப் பையைத்தான். எத்தனை நாள் தம்பி கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தவள். ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் இறங்குமா என்று தவம் கிடந்தவள். பிறகு கழுத்துக் குழாயைத் தடவிப் பார்த்தாள். அது டயாலிசிஸுக்குப் போடுகிற குழாய் என்று அவளுக்குத் தெரியும்.

"கேட்டாங்களா?" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

கிரேன்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, எதிர்க்கட்டடத்துச் சுவர்தான்.

"யாரு கேட்டா? அவங்களா எடுத்துட்டாங்க. டாக்டருங்க புத்தி தெரியாதா?"

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள். ஆயுசுக்கும் டாக்டர்களைத் திட்டிய வாய். அந்த வாயில் இந்தப் பொய் உண்மை மாதிரியே இருந்தது. அவள் நம்பினாள். அவள் கண்ணோரம் தண்ணீர் கோடாக இறங்கித் தலையணையில் போயிற்று. தம்பி கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

"பாஸ் போட்டீங்களே அவளுக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "தொடாதீங்க. கேக்காம எடுத்தவங்க கையில என் ரத்தத்தைக் கொடுக்க மாட்டேன்" என்றாள். நர்ஸ் கெஞ்சினாள். அவள் மசியவில்லை. டாக்டரம்மா வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு நாள் அப்படிப் போயிற்று. மறுநாளும் போயிற்று. முகம் உப்பியது. கண் இடுங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே இருந்தாள். கிரேன்காரர் கொண்டுபோன எதையும் வாயில் வைக்கவில்லை.

டாக்டரம்மா அவரை நடைபாதைக்குக் கூப்பிட்டாள். அழுக்குத் துணி கொண்டுபோகிற தள்ளுவண்டி பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"நான் உங்களைக் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"அப்புறம் ஏன் அவங்க என்னைத் திருடி மாதிரி பார்க்குறாங்க?"

அவர் வண்டிக்கு வழிவிடுகிற மாதிரி சுவரோரம் ஒதுங்கினார்.

"ஐயா, நான் வெளிய வந்தப்போ உள்ள இன்னொரு சர்ஜன் அவங்க பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் அந்தக் கண்ணாடியை விட்டுத் தலையை எடுத்தாலே மிஷின் கை அத்தனையும் நின்ன இடத்துல நின்னுடும். இம்மி நகராது. அதனாலதான் என்னால வெளிய வந்து கேக்கவே முடிஞ்சுது. பழைய மாதிரி கையை உள்ள விட்டுக்கிட்டு நின்னிருந்தா வந்திருக்க முடியாது. அவசரம் இல்லன்னு சொன்னேன். நீங்க காதுலயே வாங்கல."

கிரேன்காரர் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்ல ஆள் இல்லன்னீங்க" என்றார்.

"ஆமா. இல்லதான்." அவளுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. "இன்னைக்குள்ள ரத்தத்தைச் சுத்தம் பண்ணலன்னா இதயம் நின்னுடும். அவங்களுக்கு டயாலிசிஸ் வேணாம்னா அது அவங்க உரிமை. நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா பொய்யை நம்பிக்கிட்டு அவங்க சாகக்கூடாது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இந்த இடத்தில் இன்னொரு டாக்டராக இருந்தால் நேரே போய்ப் போட்டு உடைத்திருப்பான். அவள் காத்துக்கொண்டு நின்றாள். அதுதான் கிரேன்காரருக்குப் பொறுக்கவில்லை.

"நானே சொல்றேன்" என்றார்.

உள்ளே போனார். சம்சாரம் தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தம்பி ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இவளே."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"டாக்டரம்மா கேட்டாங்க. வெளிய வந்து கேட்டாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

துடைத்துக்கொண்டிருந்த தம்பி கையை எடுத்துக்கொண்டான். அவள் அவரையே பார்த்தாள். உப்பின முகத்தில் என்ன இருக்கிறது என்று படிக்க முடியவில்லை.

"அவசரப்படுத்தினாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்குப் பதில் வேறு சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். "இல்ல. அவங்க சீட்டை விட்டு எழுந்து வந்துட்டாங்க, லோடு தொங்கிக்கிட்டு இருக்கும்போது ஆப்பரேட்டர்..."

"எனக்குக் கிரேன் கதை வேணாம்."

அவர் நிறுத்தினார்.

"நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"மூடச் சொன்னே."

"தெரிஞ்சுதான சொன்னீங்க?"

"தெரிஞ்சுதான். நீ இல்லாம அந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப உங்க மனசைச் சொல்லியிருக்கீங்க. என் மனசுன்னு." மூச்சு வாங்கினாள். "நீயும் அங்கதான இருந்தே?" என்றாள் தம்பியிடம். தம்பி அழுதான். பெரிய ஆள், குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். "அழாதடா, துணியை நனைச்சுட்டு வா" என்றாள்.

பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். டாக்டரம்மா வந்து கட்டிலோரம் நின்றாள்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேம்மா."

"பரவாயில்லைங்கம்மா. இப்ப நான் உங்களையே கேக்குறேன். மிஷின் போடட்டுமா, வேணாமா? எதைச் சொன்னாலும் செய்வேன்."

இந்தத் தடவை யாரும் அவசரப்படுத்தவில்லை. கிரேன்காரர் சுவரோடு சுவராக நின்றார். வேணாம் என்றால் இப்போதே முடிந்தது. போடு என்று கத்த வேண்டும்போல் தொண்டை வரைக்கும் வந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மூச்சு முட்டிச் சாகறது நான் கேட்டதில்ல" என்றாள் கடைசியில். "இன்னைக்குப் போடுங்க. அடுத்ததை அடுத்தப்போ பார்க்கலாம்." கொஞ்சம் பொறுத்து, அவரைப் பார்க்காமலேயே சொன்னாள். "இனிமே எனக்கு நினைவு இல்லாத நேரத்துல ஏதாவது கேக்கணும்னா, தம்பியைக் கேளுங்க."

டாக்டரம்மா கிரேன்காரரைப் பார்க்கவில்லை. நல்ல மனசு, பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெருமுனை வண்டிக்காரர் வந்து ஹாரன் அடிப்பார். அவள் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். கிரேன்காரர் முன்சீட்டில் உட்காருவார். டயாலிசிஸ் அறைக்குள் கூட ஒருவரைத்தான் விடுவார்கள். தம்பி போவான். அங்கே அவனுக்குத் தெரியாத நர்ஸ் இல்லை. எந்த மிஷின் கத்தும், எந்த நாற்காலியில் முதுகு வலிக்கும் என்றெல்லாம் தெரிந்தவன். "அக்கா, அது ஜன்னலோரம், குளிரும், இதுல உக்காரு" என்பான். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவர் பார்ப்பார். சிவப்புக் குழாய் போவதும் வருவதும் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

அவள் பேசாமல் எல்லாம் இல்லை. உப்பு எங்கே இருக்கிறது, பால் பொங்குது பாருங்க, வேட்டியில கறை என்று பேசுவாள். எல்லாப் பேச்சும் இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை. அவர் வழக்கம்போல் யாரையாவது திட்டினால், முன்பெல்லாம் கூடவே ஒரு கேலி பேசிச் சிரிக்கிறவள், இப்போது கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். அதனால் அவரும் திட்டுவதை விட்டுவிட்டார். திட்டாத கிரேன்காரரைத் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

மாசங்கள் போயின. அவள் உடம்பு ஒரு பிடி ஆயிற்று. மிஷினில் இருந்து வந்தால் அடுத்த நாள் முழுக்கப் படுக்கைதான். எழுந்து உட்கார்ந்து தலைசீவி முடிப்பதற்குள் அடுத்த மிஷின் நாள் வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் முகம் கழுவித் துணி மாற்றிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழவில்லை.

"அக்கா, வண்டி வந்துடுச்சு."

"இன்னைக்கு வேணாம்னு இருக்குடா."

தம்பி கிரேன்காரரைப் பார்த்தான். அவர்தான் ஏதாவது சொல்லித் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்கிற மாதிரி பார்த்தான். வெளியே ஹாரன் இரண்டாவது தடவை கேட்டது.

கிரேன்காரர் தரையில், அவள் எதிரில் உட்கார்ந்தார். முட்டி மடங்கவில்லை, சுவரைப் பிடித்துத்தான் உட்கார முடிந்தது. அவரிடம் சொல்ல நிறைய இருந்தது. ஒரு தடவை விட்டால் என்ன ஆகும் என்று தெரியும். இரண்டு தடவை விட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"இன்னைக்கு மட்டும் வேணாமா?" என்று கேட்டார். "இல்ல, இனிமேலே வேணாமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு நேரம் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னைக்கு வேணாம். மத்தது தெரியல."

"சரி."

"மாமா!" என்றான் மச்சினன். "என்ன மாமா சரிங்கறீங்க? சாகவா விடுறீங்க? நீங்க சொன்னா கேப்பாங்க மாமா..."

"சும்மா இருடா."

சுவரைப் பிடித்து எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார். வெயில் சுள்ளென்று இருந்தது. வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்து, சீட்டில் இருந்த தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா வரலையா?"

"வரல. நீங்க போங்க."

"அப்ப நாளைக்கழிச்சு வரட்டுமா பெரியவரே?"

கிரேன்காரர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவளைக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.